சந்தியாகு சார் சொன்னது

நீங்க சன்னல் பக்கமே உக்காந்துக்கங்க தம்பி. பரவால்ல, பரவால்ல, எனக்குக் காத்து வேண்டாம். நான் இந்த ஓரத்துலயே உக்காந்துக்கறேன். பைய கால்ல வச்சுக்கறீங்களா? மேல வைங்க, யாரும் எடுத்துர மாட்டாங்க. திண்டுக்கல்லா? அட, நானும் அங்கதான் எறங்கி நெலக்கோட்டை போகணும். அப்ப சாயங்காலம் வரைக்கும் நீங்களும் நானுந்தான்.

ஓசூர்ல என்ன வேலையா வந்தேன்னு கேக்கறீங்களா? சொல்றேன். சொல்லாம விட்டா எனக்குச் சோறு எறங்காதுபோல இருக்கு. காலையிலேருந்து ஒரு டீதான் குடிச்சிருக்கேன்.

என் பேரு தனுஷ்கோடி. மெக்கானிக். நெலக்கோட்டையில வத்தலக்குண்டு ரோட்டுல போய் தனுஷ்கோடி பட்டறைன்னு கேளுங்க, ஆடு மேய்க்கிறவன்கூட வழி சொல்லுவான். வண்டி ரிப்பேர் எல்லாரும் பாப்பான். என் பேரு அதுக்கில்ல. பழைய வண்டி வாங்கப் போறவங்க என்னைய முன்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. இஞ்சின் சத்தத்தக் கேட்டுட்டு "வாங்கு" "வாங்காதே"ன்னு ஒரே வார்த்தை சொல்லுவேன். முப்பது வருசமா அதான். "தனுஷ்கோடி காத வச்சுட்டாரா?"ன்னு கேட்டுட்டுத்தான் வீட்டுல நகைய எடுத்துக் குடுப்பாங்க.

அதுக்கு ஒரு முறை இருக்கு தம்பி. முந்துன நாளே போன் பண்ணிச் சொல்லிருவேன், "நாளைக்கு நான் வர்ற வரைக்கும் சாவியத் தொடாதீங்க"ன்னு. ஏன்னா சூடான இஞ்சின் பொய் சொல்லும். ராத்திரியெல்லாம் ஆறிக் கெடந்த இஞ்சின் மொத மொத உசுர் பிடிக்கும் பாருங்க, அந்த ரெண்டு மூணு செகண்டுதான் நெசம். போனவுடனே வணக்கம்கூட சொல்ல மாட்டேன், பானெட்டுல கையத்தான் வைப்பேன். வெதுவெதுன்னு இருந்துச்சா, அப்படியே திரும்பிருவேன். "எதுக்குண்ணே கோவம், இப்பத்தான் பால் வாங்க எடுத்துட்டுப் போனேன்"னு பின்னாடியே வருவான். பால் வாங்கப் போனானாம்! கெட்டி ஆயில ஊத்திச் சத்தத்த அமுக்கிருப்பாங்க. நாம காது குடுக்கற நேரம் பாத்து ஊர்க்கதை பேசுவாங்க. எத்தனை பாத்துட்டேன். அப்புறம் இத்தாம் பெரிய ஸ்க்ரூடிரைவர், நொனிய இஞ்சின்ல வச்சுப் பிடியக் காதுல வச்சேன்னா, உள்ள எந்த பேரிங் தேஞ்சிருக்கு, எங்க அடி விழுதுன்னு புட்டுப் புட்டு வச்சிருவேன்.

வச்சிருவேன்... அது அப்போ.

ரெண்டரை வருசத்துக்கு முந்தி ஒரு நாள் எம் பொஞ்சாதி பக்கத்து வீட்டுக்குப் போறப்ப, "குக்கர் மூணு விசில் அடிச்சதும் அமத்திருங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. நான் அடுப்படி வாசல்லதான் உக்காந்திருந்தேன். தீஞ்ச வாடைய வச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. ஓடி வந்தவ, "தெருமுக்கு வரைக்கும் கேக்குது, ஒங்களுக்குக் கேக்கலையா?"ன்னா. "ஏதோ யோசனையில இருந்தேன்"னு சொல்லிட்டேன். யோசனையாவது ஒண்ணாவது. ஒரு விசில்கூட எனக்குக் கேக்கல தம்பி. அடிச் சத்தம் கேக்கும். லாரி போனா, டமார்னு எதாச்சும் விழுந்தா கேக்கும். இந்தக் கீச்சுச் சத்தம், கிலுகிலுப்பு, மெல்லப் பேசற பேச்சு, இதெல்லாம் போயிருச்சு. வலது காது சுத்தமாப் போச்சு. இடதுல கொஞ்சம் உசுரு இருக்கு. அதுக்குத்தான் ஒங்கள அந்தப் பக்கம் உக்கார வச்சேன். சன்னல விட்டுக் குடுத்த நல்ல மனுசன்னு நெனச்சிருப்பீங்க.

இத இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. எம் பொஞ்சாதிகிட்டகூட. நீங்க முன்னப்பின்னத் தெரியாத ஆளு, எறங்கிப் போயிருவீங்க. அதான்.

கண்ணு மங்குனவன் கண்ணாடி போட்டுக்கலாம். இஞ்சின் சத்தம் பாக்கறவன் காதுல மிசின மாட்டிக்கிட்டுப் போயி நின்னா ஊரு சிரிக்காது? அதனால என்ன பண்ணுனேன், கையால கேக்க ஆரம்பிச்சேன். இஞ்சின் மேல கைய வச்சா அதிர்ச்சி தெரியும். பெரிய கோளாறெல்லாம் கையிலயே தெரிஞ்சிரும். இன்னொண்ணும் கண்டுபிடிச்சேன். விக்கிறவன் மூஞ்சி! சாவியத் திருப்பச் சொல்லிட்டு நான் பானெட்டு ஓரமாச் சாஞ்சு முன்கண்ணாடி வழியா அவன் மூஞ்சியத்தான் பாப்பேன். காதுல ஸ்க்ரூடிரைவர் சும்மா இருக்கும். சத்தம் வர்ற எடத்துல அவன் மூஞ்சி ஒரு மாதிரி சுருங்கும். இல்ல, சட்டுனு என்னையப் பாப்பான். "டைமிங் செயின்ல ஆட்டம் இருக்கு, வேணாம் வாங்க"ன்னுருவேன். அவன் அரண்டு போயிருவான். ஒரு வருசம் இப்படியே ஓட்டுனேன் தம்பி. ஒண்ணுகூடத் தப்பல. முன்னைக்கு இப்ப பேரு இன்னும் பெருசாயிருச்சு.

சந்தியாகு சார் வண்டியிலதான் மாட்டுனேன்.

சந்தியாகு சார்னா போஸ்ட் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. சம்சாரம் தவறிருச்சு. ஒரே மக, ரெஜினான்னு பேரு, இங்க ஓசூர்ல கட்டிக் குடுத்திருக்கு. இவரு நெலக்கோட்டையில தனியா இருந்தாரு. தானே சமைப்பாரு, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவாரு, சாயங்காலம் யாருக்காச்சும் மனு எழுதிக் குடுப்பாரு. அவர்கிட்ட ஒரு பழைய டீசல் காரு, பதினஞ்சு வருசத்து வண்டி. ஒரு கீறல் இருக்காது. அத எதுக்கு விக்கிறாருன்னா, கண்ணுல பொரை. ஆபரேசன் பண்ணியும் சரியாத் தெரியலையாம். "எதிர்ல வர்றவன் உசுரோட நான் வெளையாடக் கூடாதுல்ல தனுஷ்கோடி"ன்னாரு. கூச்சமே இல்லாம எல்லாருகிட்டயும் சொல்லுவாரு, எனக்குக் கண்ணு சரியாத் தெரியலன்னு.

வாங்க வந்தது வீரணன். பூ மார்க்கெட்டுல கமிசன் கடை வச்சிருக்கான். அவங்க அம்மாவுக்குக் கிட்னி போயிருச்சு. வாரத்துக்கு ரெண்டு நாளு மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி ரத்தம் சுத்தம் பண்ணணும். பஸ்ஸுல அந்தம்மா ஒவ்வொரு தடவையும் சுருண்டு சுருண்டு விழுகுது. "அண்ணே, வழியில நிக்காத வண்டியா இருந்தாப் போதும்ணே. வேற எதுவும் எனக்கு வேணாம்"னான். நல்லாக் கேட்டுக்கங்க, வழியில நிக்காத வண்டி. அது ஒண்ணுதான் கேட்டான்.

காலையில ஏழு மணிக்குப் போனோம். பானெட்டுல கை வச்சேன், ஐஸ் மாதிரி இருக்கு. நேர்மையான மனுசன். வீரணனுக்கு மார்க்கெட்டுலேருந்து போன் வந்துருச்சு, மல்லிகை வெலை பேசிக்கிட்டே தெருவுக்குப் போயிட்டான். சார் உள்ள உக்காந்து சாவியத் திருப்புனாரு. நான் கைய வச்சேன். அதிர்ச்சி சீரா இருக்கு. ஸ்க்ரூடிரைவரக் காதுல வச்சுக்கிட்டுக் கண்ணாடி வழியா அவரு மூஞ்சியப் பாத்தேன். தெளிவா இருக்கு மூஞ்சி. பூசைக்கு நிக்கிற மாதிரி இருக்கு. ஒரு சுருக்கம் இல்ல, ஒரு திருட்டு முழி இல்ல. சரி, சத்தமே இல்லன்னு முடிவு பண்ணிட்டேன்.

எறங்கி வந்தாரு. என் கிட்ட வந்து, "கேட்டுச்சா தனுஷ்கோடி? ஸ்டார்ட் ஆனதும் மூணு செகண்டு கிலுகிலுன்னு ஒரு சத்தம் வருதே. நாலு மாசமா இருக்கு. எனக்கு என்னன்னு தெரியல. வாங்குறவருகிட்ட சொல்லணும்ல?"ன்னாரு.

கிலுகிலுன்னா டைமிங் செயின். இஞ்சினுக்குள்ள ஓடுற செயின் லூசாகி அடிக்குது, அது அந்துச்சுன்னா இஞ்சினே போச்சு. அந்தாளு மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லாததால மூஞ்சியில ஒண்ணுமே இல்ல தம்பி! களவாணிப் பய வண்டின்னா நான் கரெக்டாச் சொல்லியிருப்பேன். இந்த மாதிரி மனுசன் வண்டிக்கு என் வித்தை செல்லாதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

அப்பவாச்சும் வாயத் தொறந்து, "சார், எனக்குக் கேக்கல, நாளைக்கு வேற ஆளக் கூட்டிட்டு வர்றேன்"னு சொல்லியிருக்கலாம். சொல்லலையே. என்ன சொன்னேன் தெரியுமா? "கேட்டுச்சு சார், கேட்டுச்சு. பழைய டீசல் வண்டின்னா அப்படித்தான். ஆயில் மேல ஏறுற வரைக்கும் கிலுகிலுங்கும். வீரணன்கிட்ட நான் சொல்லிக்கறேன், நீங்க விடுங்க"ன்னேன். "நீங்க சொன்னாச் சரி"ன்னு அவரு காப்பி போடப் போயிட்டாரு.

வீரணன் போன வச்சுட்டு வந்து, "என்னண்ணே?"ன்னான். நான் கட்டை வெரலத் தூக்கிக் காமிச்சேன். அந்தச் சத்தத்தப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. சொன்னா, என்ன சத்தம், எங்கேருந்து வருது, நாளைக்கு ஒருவாட்டி வந்து கேப்போமான்னு கேப்பான். நாளைக்கு வந்தா மட்டும் எனக்குக் கேட்டுருமா?

நாப்பது நாள் ஓடுச்சு வண்டி. ஒவ்வொரு நாளும் நான் நெனச்சுக்குவேன், ஓடிரும், ஓடிரும், எத்தனை வண்டி இப்படியே அஞ்சு வருசம் ஓடிருக்குன்னு. நாப்பத்தோராம் நாளு வாடிப்பட்டி தாண்டி செயின் அந்து இஞ்சின் உள்ளயே ஒடஞ்சு போச்சு. உச்சி வெயிலு. அந்தம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு தடவை ரத்தம் சுத்தம் பண்றது தப்பிப் போயிருந்துச்சு, ஒடம்பெல்லாம் நீரு. மூச்சு வாங்குது. ஒரு வண்டியும் நிக்கல. கடைசியில பூ ஏத்திட்டு வந்த டெம்போவ மறிச்சு, மூட்டைக்கு நடுவுல அந்தம்மாவப் படுக்க வச்சுக் கொண்டு போயிருக்கான். பொழச்சுக்கிச்சு. ஆனா இன்னும் அரைமணி ஆயிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாராம்.

மறுநாள் வீரணன் நேரா சந்தியாகு சார் வீட்டுக்குத்தான் போனான். போற வழியில என்னையும் பைக்குல ஏத்திக்கிட்டான். "வாங்கண்ணே, ஒங்க காதுக்கே தப்புற மாதிரி என்னமோ பண்ணி வித்துருக்கான் அந்தாளு"ன்னான். நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. வாசல்ல நின்னு கத்துனான் பாருங்க. "பைபிளத் தூக்கிட்டுக் கோயிலுக்குப் போனாப் போதுமாய்யா? எங்கம்மாவக் கொல்லப் பாத்தியேய்யா!" தெருவே கூடிருச்சு. சார் வெளிய வந்தாரு. கையெல்லாம் மாவு, சப்பாத்திக்குப் பெசஞ்சுக்கிட்டு இருந்திருக்காரு. அவரு நெதானமா, "வீரணன், அந்தச் சத்தத்தப் பத்தி நான் அன்னைக்கே தனுஷ்கோடிகிட்ட சொன்னேனே"ன்னு சொல்லிட்டு என்னையப் பாத்தாரு.

தெருவே என்னையப் பாக்குது.

"எங்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே சார்"னேன்.

எவ்வளவு சுளுவா வந்துச்சு தெரியுமா அந்த வார்த்தை? எனக்கே ஆச்சரியம்.

அவரு என்னைய அடிச்சிருக்கலாம். "பொய் சொல்றான்"னு கத்தியிருக்கலாம், பாதித் தெருவாச்சும் நம்பியிருக்கும். அவரு அப்படியே நின்னு யோசிச்சாரு. அந்த மாவுக் கைய நெத்தியில வச்சுக்கிட்டு, நெசமாவே யோசிச்சாரு தம்பி. அப்புறம், "சொல்லலையா? சொன்னதா ஞாபகம். தனுஷ்கோடி இல்லன்னா இல்லாமத்தான் இருக்கும். வயசாயிருச்சு எனக்கு, மன்னிச்சுக்கங்க வீரணன்"னு சொல்லிட்டாரு. வண்டிய அவரே திரும்ப எடுத்துக்கிட்டு, வாங்குன பணத்த அப்படியே குடுத்துட்டாரு. நான் பொய் சொல்லுவேன்னு அவருக்குத் தோணவே இல்ல. தன் மூளைதான் கெட்டுப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டாரு.

அதுலேருந்து அவரு அவரா இல்ல. கோயிலுக்குப் போறது நின்னு போச்சு. மனு எழுத வர்றவங்களத் திருப்பி அனுப்பிச்சிருவாராம், "தப்பா எழுதிருவேன், வேற ஆளப் பாருங்க"ன்னு. ஒரு நாள் அந்த இஞ்சின் விசயமா அவரு வீட்டுக்குப் போனேன். செவுரெல்லாம் சீட்டு ஒட்டி வச்சிருக்காரு, போஸ்ட் ஆபீசு எழுத்துல, அழகா. "கேஸ் மூடியாச்சு, காலை 8." "மாத்திரை போட்டாச்சு." "தனுஷ்கோடி வருவார், சாவி மேசையில்." எம் பேரும் இருக்கு அந்தச் செவுத்துல. எனக்கு அங்க நிக்க முடியல.

மக வந்து பாத்துச்சு. சீட்டப் பாத்தா யாருக்குத்தான் பயம் வராது? அப்பாவுக்கு மறதி நோயின்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போச்சு. டாக்டர் என்ன சொன்னாரோ, வீட்டப் பூட்டி ஓசூருக்குக் கூட்டிட்டு வந்துருச்சு. ஒடஞ்ச வண்டிய என் பட்டறையில விட்டுட்டு, "யாராச்சும் கேட்டா விலைக்குக் குடுத்துருங்க அண்ணே"ன்னு நம்பர் எழுதிக் குடுத்துட்டுப் போச்சு. எங்கிட்ட! அண்ணேன்னு! தெனமும் பட்டறையத் தொறந்தா அந்த வண்டி மூஞ்சியிலதான் முழிக்கிறேன். இஞ்சினப் பிரிச்சும் பாத்தேன். செயின் தேஞ்சிருந்த தேய்மானத்துக்கு அந்தச் சத்தம் அடுத்த தெரு வரைக்கும் கேட்டிருக்கணும்.

ஊர்ல எம் பேரு எறங்குச்சான்னு கேக்கறீங்களா? ஏறிருச்சு. "சந்தியாகு சாரே ஏமாத்திட்டாருன்னா தனுஷ்கோடி என்ன பண்ணுவாரு பாவம்"னு பேசிக்கிட்டாங்க. அதுக்கப்புறமும் பதினோரு வண்டி பாத்துக் குடுத்திருக்கேன். எல்லாம் நல்லாத்தான் ஓடுது. ஓடுதுன்னுதான் நெனைக்கிறேன். என்னைய அப்படிப் பாக்காதீங்க தம்பி. பொழப்பு. கூப்புட்டா எப்படி வர மாட்டேன்னு சொல்றது?

ஒரு வருசம் பொறுத்துப் பாத்தேன். முடியல. நேத்துக் கெளம்பிட்டேன். எம் பொஞ்சாதிகிட்ட ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போறேன்னு சொல்லியிருக்கேன். இன்னைக்குக் காலையில அந்த வீட்டக் கண்டுபிடிச்சுப் போயிட்டேன். மக கொடியில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. சார் கேட்டுக்கு வந்தாரு. எளைச்சுட்டாரு. சட்டைப் பையில சின்ன நோட்டு ஒண்ணு, பேனா ஒண்ணு. "தனுஷ்கோடிதானே?"ன்னாரு, வாய் அசைவுலயே தெரிஞ்சுச்சு. உள்ள வரச் சொல்லிக் கேட்டைத் தொறக்கப் போனாரு. தொறக்க விடல. அதுக்கு முந்தியே கொட்டிட்டேன்.

"சார், நீங்க அன்னைக்கு எங்கிட்ட சொன்னீங்க. சத்தம் வருதுன்னு தெளிவாச் சொன்னீங்க. நாந்தான் பொய் சொன்னேன். ஒங்களுக்கு மறதியெல்லாம் ஒரு மண்ணும் இல்ல"ன்னேன். கொடிக்கிட்ட மக அப்படியே நின்னுருச்சு, கையில ஈரத்துணியோட.

ஆமா, காதப் பத்தி சொல்லல. அத மட்டும் சொல்லல. வாய் வரைக்கும் வந்துச்சு.

சார் கேட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டாரு. அப்புறம் பேசுனாரு. நாலஞ்சு வாக்கியம் இருக்கும். பேச்சு ரொம்ப மெல்லிசா ஆயிருச்சு அவருக்கு. பின்னாடி ரோட்டுல லாரி போகுது. வாய் அசையுது, ஒண்ணுமே விளங்கல எனக்கு. மூஞ்சியப் பாத்தேன், என் பழைய வித்தை. அதே மூஞ்சி தம்பி. அன்னைக்கு வண்டிக்குள்ள இருந்த அதே தெளிவு. திட்டுறாரா, மன்னிக்கிறாரா, அதுல ஒண்ணும் இல்ல.

"என்ன சார்?"னு கேட்டிருக்கலாம்ல? ஒரே வார்த்தை! இவ்வளவு தூரம் வந்து, அவ்வளவும் கொட்டிட்டு, அத மட்டும் கேக்க வரல எனக்கு. பழக்க தோசம். "சரிங்க சார்"னு தலைய ஆட்டிட்டேன்.

அவரு கேட்டுக் கம்பிய விட்டாரு. அப்புறம் உள்ள போயிட்டாரு. பஸ் ஏறுனதுலேருந்து அதத்தான் யோசிக்கிறேன். அது கேள்வியா இருந்தா என்ன பண்றது? "இத எம் மககிட்டயும் டாக்டர்கிட்டயும் வந்து சொல்றியா"ன்னு கேட்டிருந்தா? "என்னைய என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா"ன்னு கேட்டிருந்தா? நான் சரிங்க சார்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேனா? அந்தாளு இப்ப பையத் தூக்கி வச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருந்தா?

நீங்க என்னமோ சொல்றீங்க. இருங்க... இல்ல, இருங்க. சும்மா தலையாட்டத்தான் வந்துச்சு இப்பவும். எனக்குக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க.

போன் பண்ணிக் கேக்கறதா? போன்ல எனக்கு எங்க தம்பி கேக்கும்!

நீங்க பேசுறீங்களா? எனக்காக? இந்தாங்க, இதுதான் நம்பரு, ரெஜினான்னு போட்டிருக்கும். அந்தப் பொண்ணு பக்கத்துலதான் நின்னுச்சு, அதுக்குக் கேட்டிருக்கும். எடுத்ததும் மொதல்ல இதச் சொல்லுங்க: "மெக்கானிக் தனுஷ்கோடிக்குக் காது கேக்காது. அப்பா சொன்னது எதுவும் அவருக்குக் கேக்கல. அப்பா என்ன சொன்னாரு?"ன்னு கேளுங்க. அது சொல்றத அப்படியே எங்கிட்ட சொல்லுங்க. பஸ்ஸுல இருக்கறவங்களுக்குக் கேட்டாக் கேக்கட்டும், கத்தியே சொல்லுங்க. அங்க உக்காந்திருக்காரு பாருங்க மஞ்சப் பையோட, அவரு எங்க ஊருக்காரரு. பரவால்ல. கத்துங்க.

என்ன தம்பி, ரிங் போகுதா?